பிரசங்கியைப் புதிதாகத் திறக்கும் பிள்ளைகளுக்கு

திடப்படுத்தல் முடிந்து வேதபாட வகுப்புக்கு வரத் தொடங்கும் பிள்ளைகளிடம் நாற்பது வருஷமாக ஒரே பேச்சைக் கேட்டு வருகிறேன். "சார், எல்லாம் சலிச்சுப் போச்சு. புதுசா ஏதாவது வேணும்." படிப்பை மாற்றினால் சரியாகும் என்பார் ஒருவர். ஊரை மாற்றினால் என்பார் இன்னொருவர். சபையை மாற்றினால் என்று சொல்பவர்களும் உண்டு. நான் யாரையும் கடிந்துகொள்வதில்லை. அந்த வயதில் எனக்கும் அதே தவிப்பு இருந்தது. இப்படி வருகிறவர்கள் கையில் பழைய ஏற்பாட்டுச் சிறு புத்தகம் ஒன்றைக் கொடுப்பேன். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு அது 'சபை உரையாளர்', நமக்குப் 'பிரசங்கி'. அதை முதல்முறை வாசிப்பவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பாதி இடங்களில் நானே விழுந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் வரிசையாகச் சொல்லிவைக்கிறேன்.

1. முழுவதையும் ஒரே அமர்வில் வாசியுங்கள்.

பன்னிரண்டு அதிகாரம், 222 வசனம். சத்தமாக வாசித்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் நமக்கு இந்தப் புத்தகம் துண்டு துண்டாகத்தான் அறிமுகம். காலங்களைப் பற்றிய மூன்றாம் அதிகாரம் கலியாண வீட்டிலும் காலண்டரிலும் இருக்கும். வாலிபரைப் பார்த்துப் பேசும் பன்னிரண்டாம் அதிகாரம் வாலிபர் கூட்டத்துப் பேனரில் இருக்கும். இடையில் உள்ளதை யாரும் தொடுவதில்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை எடுப்பதுபோல இதில் ஒரு வசனத்தை உருவினால் ஏமாந்துபோவீர்கள். நான்காம் அதிகாரத்தில், உயிரோடிருப்பவர்களைவிடச் செத்தவர்களின் நிலை மேல் என்கிறார் பிரசங்கி. ஒன்பதாம் அதிகாரத்தில், செத்த சிங்கத்தைக் காட்டிலும் உயிருள்ள நாயின் நிலை மேல் என்கிறார். பேசுவது ஒரே வாய்தான். முதலாவதைச் சொல்லும்போது, தேற்றுவார் யாருமில்லாத ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதைச் சொல்லும்போது, நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒன்றுபோல வரும் சாவை நினைத்துக்கொண்டிருக்கிறார். நடந்துகொண்டே யோசிக்கிற மனிதர் அவர். சொன்னதைத் திரும்ப எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். கூடவே நடந்தால்தான் எங்கே போய்ச் சேர்கிறார் என்பது தெரியும்.

2. 'மாயை' என்ற சொல்லில் அவசரப்படாதீர்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. துக்க வீட்டு ஜெபக் கூட்டம் ஒன்றில் பேச அனுப்பினார்கள். நாலு வயதுப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. பிரசங்கியின் முதல் அதிகாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, உலகம் மாயை, உறவு மாயை, கண்ணில் படுவதெல்லாம் வெறும் தோற்றம் என்று அரைமணி நேரம் பேசினேன். எல்லோரும் எழுந்த பிறகு, பிள்ளையின் தாய் சுவரில் சாய்ந்தபடியே கேட்டாள்: "எம்பிள்ளை மாயையா தம்பி? நான் தூக்கி வளத்தது பொய்யா?" எனக்குப் பதில் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பதில் கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. 'மாயை' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'ஹெவெல்'. புத்தகம் முழுவதும் 38 முறை வருகிறது. அதன் அடிப்பொருள் மூச்சுக்காற்று, ஆவி. எருசலேம் மலை மேல் இருக்கிற ஊர். மாரிக்காலத்துக் காலையில் வாயைத் திறந்தால் மூச்சு வெண்புகையாகத் தெரியும். அடுத்த நொடி கலைந்துவிடும். அந்த மூச்சு நிஜம். சூடு உள்ளது. உயிருள்ளவனிடமிருந்துதான் அது வரும். கைக்குள் மூடிவைக்க மட்டும் முடியாது.

நம் கையில் உள்ள பழைய மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. அந்தக் குழுவினர் இதற்கு 'மாயை' என்ற சொல்லை எடுத்தார்கள். அழகான சொல்தான். ஆனால் அது நம் வேதாகமத்துக்குள் வரும் முன்பே தமிழில் நெடுங்காலம் வாழ்ந்த சொல். சைவ சித்தாந்திகள் மாயையை உள்பொருள் என்றே கொள்வார்கள். இருந்தாலும் பேச்சு வழக்கில் மாயை என்றால் பொய்த்தோற்றம், கண்கட்டு. அந்த வாசனையோடுதான் அந்தச் சொல் நம் காதில் விழுகிறது. 1995இல் வந்த திருவிவிலியம் 'வீண்' என்று பெயர்த்தது. அது, வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமின் சொல்லான 'வானித்தாஸ்' பக்கம் நிற்கும் சொல். அந்த ஜெரோமே தன் உரையில், எபிரெயச் சொல்லுக்குப் புகையின் ஆவி, மெல்லிய காற்று என்ற பொருளும் உண்டு என்று குறித்துவைத்தார். ஆனாலும் ரோமாபுரியில் பிளெசில்லா என்ற இளம் விதவைக்கு அவர் இந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டியது, உலகத்தை அவள் வெறுக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவள் இருபது வயதிலேயே இறந்துபோனாள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1526இல் விட்டன்பர்க்கில் இதே புத்தகத்தைப் பாடம் நடத்திய லூத்தர், ஜெரோம் காட்டிய அந்த வெறுப்பு வழியை நேரடியாக மறுத்தார். கடவுள் படைத்தவை நல்லவை. மனிதனின் அடங்காத மனம்தான் இங்கே கண்டிக்கப்படுகிறது என்பது அவர் வாசிப்பு. நான் லூத்தர் பக்கம்.

ஆதியாகமத்தில் வரும் ஆபேலின் பெயரும் இதே சொல்தான், எழுத்து மாறாமல். ஆபேல் பொய்யானவன் இல்லை. பிறந்தான், ஆடு மேய்த்தான், காணிக்கை கொண்டுவந்தான், ஆண்டவர் அதை ஏற்றுக்கொண்டார். அவன் நாட்கள் கொஞ்சம், அவ்வளவே. அந்தத் தாய்க்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்: உன் பிள்ளை ஆபேலைப் போன்றவன் அம்மா, வந்தது மெய், தங்கவில்லை. இந்தப் பதிலோடு நான் திரும்பிப் போனபோது அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது.

அதனால் 'மாயை' என்று வரும் இடத்திலெல்லாம் மனதுக்குள் 'மூச்சு' என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். புத்தகத்தின் குரலே மாறிவிடும்.

3. எழுதியது யார் என்ற சண்டையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பேசுகிறவருக்கு எபிரெயத்தில் 'கோஹெலெத்' என்று பெயர். சபை கூட்டுகிறவர், சபையில் பேசுகிறவர் என்று பொருள். தாவீதின் குமாரன், எருசலேமின் ராஜா என்று அறிமுகம் ஆவதால் சாலொமோன் என்பது மரபு. மொழி அறிஞர்கள் இதைப் பிந்திய கால எபிரெயம் என்கிறார்கள். தோட்டத்துக்கு வரும் 'பர்தேஸ்' என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அதனால் பாரசீகர் ஆட்சிக்கு முன்பு இது எழுதப்பட்டிருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த இதன் துண்டுச் சுருள் ஒன்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புத்தகம் அதற்கு முந்தியது என்பது மட்டும் உறுதி. இதைப் பரிசுத்த நூல்களோடு சேர்க்கலாமா என்று யூத ரபீக்களே வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதம் அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். சாலொமோனோ, சாலொமோனின் குரலை ஏற்றுப் பேசிய பிற்கால ஞானியோ, ஒரு ராஜா பேசுவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அடுத்து வரும் சோதனையை ராஜாவால் மட்டுமே நடத்த முடியும்.

4. இரண்டாம் அதிகாரத்தை ஒரு சோதனைக் கணக்காக வாசியுங்கள்.

வீடுகள் கட்டினார். திராட்சைத் தோட்டம் போட்டார். பழத்தோட்டம் வைத்தார், அதற்குத் தண்ணீர் பாய்ச்சக் குளம் வெட்டினார். வேலைக்காரர், ஆடுமாடு, வெள்ளி, பொன், பாட்டுக்காரர், பாட்டுக்காரிகள் எல்லாம் சேர்த்தார். கண் கேட்ட எதையும் மறுக்கவில்லை. இவ்வளவுக்கு நடுவிலும் அறிவு தன்னோடு இருந்தது என்று கவனமாகக் குறித்துவைக்கிறார். குடித்து மயங்கிக் கிடந்தவரின் புலம்பலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தெளிந்த மனதோடு ஒவ்வொன்றையும் ருசித்துப் பார்த்து எழுதிய அறிக்கை இது.

எபிரெய மூலத்தில் இந்த வசனங்களில் 'எனக்காக' என்ற சிறு சொல் திரும்பத் திரும்ப வரும். எனக்காக வீடு, எனக்காகத் தோட்டம், எனக்காகக் குளம். அதன் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். கடைசியில் அவர் சொல்லும் முடிவில் 'யித்ரோன்' என்ற சொல் வரும். கணக்குப் புத்தகத்துச் சொல் அது. செலவெல்லாம் போக மிச்சம் என்ன? எபிரெய வேதாகமத்தில் பிரசங்கியைத் தவிர வேறு எந்தப் புத்தகத்திலும் இந்தச் சொல் கிடையாது. மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை என்று கணக்கை முடிக்கிறார். பாட்டுக் கேட்க அவர் அரண்மனையில் ஆட்களை வைக்க வேண்டியிருந்தது. உங்கள் சட்டைப் பையில் உலகத்துப் பாட்டுக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். பார்க்கப் பார்க்கக் கண் நிறைவதில்லை, கேட்கக் கேட்கக் காதும் நிறைவதில்லை என்று முதல் அதிகாரத்தில் அவர் கண்டது இன்றைக்கும் மாறவில்லை. இரவு ஒரு மணிக்குக் கைபேசியைத் தள்ளிக்கொண்டே போகிற யாருக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை.

5. 'புதிது ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வதை அடுத்த வசனங்களோடு சேர்த்து வாசியுங்கள்.

வகுப்பில் உடனே கை தூக்குவார்கள். "சார், ராக்கெட் அன்னைக்கு இருந்துச்சா?" அவர் பொருள்களைப் பற்றிப் பேசவில்லை. சூரியன் எழுகிறது, விழுகிறது, எழுந்த இடத்துக்கே ஓடுகிறது. காற்று சுற்றிச் சுற்றி வருகிறது. ஆறுகள் எல்லாம் கடலில் விழுந்தும் கடல் நிரம்பவில்லை. மனிதனின் ஆசையும் அந்தக் கடல் மாதிரி என்பதுதான் அங்கே பேச்சு. கவனிக்க வேண்டியது முதல் அதிகாரம் பத்தாம் வசனமும் பதினோராம் வசனமும் கோத்துக்கொள்ளும் இடம். இதோ புதிது என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அது ஏற்கெனவே இருந்தது என்கிறார். உடனே, முந்தினவர்களைப் பற்றிய ஞாபகம் இல்லை என்கிறார். நாம் புதிது என்று நினைக்கிறவற்றில் பெரும்பகுதி, நாம் மறந்துபோனது.

இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். முப்பத்தைந்து வயதில், மூன்றாம் அதிகாரத்தைப் பற்றி எனக்கு ஒரு விளக்கம் உதித்தது. யாருக்கும் தோன்றாதது என்று பூரித்துப்போய், மூன்று வாரம் அதையே வகுப்பில் பேசினேன். என் தகப்பனார் உபதேசியாராக இருந்தவர். அவர் இறந்த பிறகு அவருடைய வேதப் புத்தகம் என் கைக்கு வந்தது. அதே இடத்தின் ஓரத்தில், மங்கிய பென்சிலில், அதே விளக்கம் இருந்தது. சின்ன வயதில் குடும்ப ஜெபத்தில் அவர் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வருத்தம் வரவில்லை. ஒரு பெரிய வரிசையில் நானும் நிற்கிறேன் என்ற நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நீங்களும் பெற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வேறு யாருக்கும் தோன்றாததைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற பாரம் உங்கள் தலைமுறைமேல் மிகவும் கனக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தையும் இதோடு வாசியுங்கள். அத்தேனே பட்டணத்தாரும் அங்கே தங்கியிருந்த அந்நியரும் புதிய செய்தி ஏதாவது சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைப் போக்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பவுலை அவர்கள் மார்ஸ் மேடைக்கு அழைத்துப்போனது அவர் பேச்சு புதிதாக இருந்ததால்தான். கேட்டு முடித்ததும் சிலர் நகைத்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள். சிலர் மட்டுமே கூட நின்றார்கள்.

6. எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

சலிப்பைப் பற்றி வேதத்தில் இதைவிட நுட்பமான கதை எனக்குத் தெரியாது. வனாந்தரத்தில் ஜனங்களுக்குத் தினமும் மன்னா விழுகிறது. கொத்துமல்லி விதை மாதிரி இருக்கும். பொறுக்கி, எந்திரத்தில் அரைப்பார்கள் அல்லது உரலில் இடிப்பார்கள், பானையில் சமைப்பார்கள், அப்பம் சுடுவார்கள். இவ்வளவு விதமாகச் செய்தும் அலுத்துவிட்டது. மன்னாவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லையே என்று அழுகிறார்கள். எகிப்தில் சும்மா கிடைத்த மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு எல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் அங்கே செங்கல் அறுத்தது ஞாபகத்துக்கு வரவில்லை. முதுகில் விழுந்த அடியும் வரவில்லை. ஐந்தாம் குறிப்பில் சொன்ன மறதிதான் இங்கேயும் வேலை செய்கிறது. மறந்துபோனவனுக்கு அடிமைத்தனமும் ருசியாகத் தெரியும்.

இறைச்சி கேட்டு அழுதவர்களுக்குக் காடை வந்தது. முகாமைச் சுற்றிக் குவிந்தது. பேராசையோடு தின்றவர்களை வாதை பிடித்தது. அவர்களைப் புதைத்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா என்று பெயர். இச்சையின் கல்லறைகள் என்று பொருள்.

இந்தக் கதையை வைத்து, ஆசையே கூடாது என்று நான் மிரட்ட வரவில்லை. ஓய்வுநாளுக்கென்று எடுத்துவைப்பதைத் தவிர, மன்னாவை மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது; வைத்தால் புழு வைத்துவிடும். ஒவ்வொரு காலையும் அது புதிதாக வர வேண்டும், புதிதாகவே வந்தது. அவர்கள் கேட்ட புதுமை வேறு, அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த புதுமை வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பிரசங்கி திறந்துகொள்ளும். சூரியனுக்குக் கீழே 'புதிது' ஒன்றுமில்லை என்று அவர் சொல்லும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல் 'ஹாதாஷ்'. புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று வரும் இடத்திலும் அதே சொல்தான். புலம்பல் எங்கே பிறந்தது என்று நினைத்துப் பாருங்கள். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை எரித்தார்கள். தேவாலயம் போனது, பிள்ளைகள் பசியில் தெருவில் விழுந்தார்கள். அந்தச் சாம்பலில் உட்கார்ந்தவருக்குப் புதிதாக வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. விடிந்ததே அவருக்குப் புதிதாக இருந்தது.

தேடிப் போய்ப் பிடிக்கிற புதிது நம் கையில் பழசாகிவிடுகிறது. கொடுக்கப்படுகிற புதிது மறுநாள் காலையிலும் வருகிறது. என் வாழ்க்கையில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இதுதான். மீதியெல்லாம் இதன் விளக்கம்.

7. மகிழ்ச்சியைப் பற்றி அவர் பேசும் ஏழு இடங்களைக் கண்டுபிடியுங்கள்.

துக்கமான புத்தகம் என்று இதற்குப் பெயராகிவிட்டது. ஆனால் ஏழு இடங்களில் நின்று, சாப்பிடு, குடி, உன் உழைப்பில் சந்தோஷப்படு, இது கடவுள் கொடுத்தது என்கிறார். இரண்டாம் அதிகாரத்தின் கடைசியில் தொடங்கும். மூன்றில் இரண்டு இடம். ஐந்து, எட்டு, ஒன்பது, பதினொன்று ஆகியவற்றில் ஒவ்வொன்று. போகப் போகக் குரல் உரக்கிறது. முதலில் இதைவிட மேலானது இல்லை என்று தயங்கிச் சொல்பவர், ஒன்பதாம் அதிகாரத்துக்கு வரும்போது கட்டளையாகவே சொல்கிறார்: வெள்ளை உடுத்து, தலையில் எண்ணெய் வை, நேசிக்கும் மனைவியோடு வாழ்.

நாளைக்குச் சாகப்போகிறோம், இன்றைக்குத் தின்போம் என்ற பேச்சை இவர் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அது ஏசாயா கண்டித்த ஜனங்களின் பேச்சு. பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது அதை எடுத்துக் காட்டுகிறார். பிரசங்கியில் அது இல்லை. இவர் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் கொடுத்தவரை வைக்கிறார். இங்கே வரும் முக்கியமான சொல் 'பங்கு', எபிரெயத்தில் 'ஹேலெக்'. மிச்சம் என்ன என்று கணக்குக் கேட்டபோது கிடைக்காத பதில், உன் பங்கு எது என்று கேட்டபோது கிடைத்துவிட்டது. அஷ்கெநாசி யூதர்கள் கூடாரப் பண்டிகையில் இந்தப் புத்தகத்தை வாசிப்பார்கள். அது அறுவடை முடிந்த சந்தோஷப் பண்டிகை. நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் நடக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்து வளாகத்தில் பெரிய வட்டையில் சோறு வேகும். பணக்காரர் இலைக்கும் இல்லாதவர் இலைக்கும் ஒரே குழம்பு. வருஷா வருஷம் அதே குழம்புதான். இந்த வருஷம் புதிதாக என்ன என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் பங்கு இலையில் விழுந்தது, பக்கத்தில் நம் ஜனம் உட்கார்ந்திருக்கிறது; சாப்பிடுகிறோம்.

8. துக்க வீட்டுக்குப் போங்கள்.

ஏழாம் அதிகாரம் இதைச் சொல்கிறது. கல்லூரி, வேலை, தூரம் என்று காரணம் சொல்லாமல் போங்கள். பேச வேண்டாம், நான் பேசிய கதையைச் சொல்லிவிட்டேன். பந்தலில் உட்காருங்கள், நாற்காலி எடுத்துப் போடுங்கள், தண்ணீர் கொடுங்கள்.

9. தனியாகத் தேடாதீர்கள்.

நான்காம் அதிகாரத்தில் ஒரு மனிதன் வருகிறான். பிள்ளையில்லை, சகோதரன் இல்லை, வேலைக்கும் முடிவில்லை. நான் யாருக்காகப் பாடுபடுகிறேன் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. அவனைக் காட்டிய கையோடு, ஒருவனைவிட இருவர் மேல் என்று தொடங்கி, விழுந்தால் தூக்கிவிட ஆள், குளிருக்கு அணைவாக ஆள், எதிரி வந்தால் கூட நிற்க ஆள், முப்புரிக் கயிறு என்று அடுக்குகிறார். வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன என்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு, முதலில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொல்வேன்.

10. பசி எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாம் அதிகாரம் பதினோராம் வசனம். மனிதர் உள்ளத்தில் கடவுள் ஒன்றை வைத்திருக்கிறார் என்று வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது 'உலகம்' என்று நிற்கும். மூலத்தில் உள்ள சொல் 'ஓலாம்'. முடிவில்லாத காலம், நித்தியம் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவும் அப்படித்தான் கொள்கின்றன. நித்தியத்தை உள்ளே வைத்துவிட்டு, மூச்சுப்போலக் கலையும் நாட்களை வெளியே கொடுத்திருக்கிறார். அதனால்தான் எது கிடைத்தாலும் இன்னும் ஒன்று என்று கேட்கிறோம். அந்தத் தவிப்பு உங்கள் குறை இல்லை, படைத்தவர் வைத்தது. வட ஆப்பிரிக்காவில் 354இல் பிறந்த அகுஸ்தீன் இளமையில் பெண், பேர், மானிகேயர் கூட்டம், பேச்சுக்கலை என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைந்தார். நாற்பது வயது கடந்தபின் 'அறிக்கைகள்' எழுதும்போது, தான் வெளியே தேடிக்கொண்டிருந்த நாளெல்லாம் கடவுள் தனக்குள்ளே இருந்தார் என்று ஒத்துக்கொண்டார். படித்துப் பாருங்கள், தமிழிலும் கிடைக்கும்.

11. புதிய ஏற்பாட்டுக்கு ஓடிவிடாதீர்கள், ஆனால் போங்கள்.

முதல் அதிகாரம் முடிவதற்குள், இயேசு வந்தார், எல்லாம் சரியாயிற்று என்று முடித்துவிடுகிற பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். பிரசங்கி கேட்ட கேள்விகள் வலிக்கும் அளவுக்கு அவரோடு இருந்துவிட்டுப் போங்கள். ரோமர் எட்டாம் அதிகாரத்தில் சிருஷ்டி மாயைக்குக் கீழ்ப்பட்டது என்று பவுல் எழுதும்போது, 'மதையோத்தேஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். பிரசங்கியின் கிரேக்க மொழிபெயர்ப்பில் 'ஹெவெலு'க்கு நின்ற சொல் அதுவேதான். நம்பிக்கையோடே கீழ்ப்பட்டது என்று பவுல் சேர்த்துச் சொல்கிறார். வெளிப்படுத்தல் இருபத்தோராம் அதிகாரத்தில் சிங்காசனத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் புதிதாக்குவதாக அறிவிக்கிறார். புதிய பொருள்களைக் கொண்டுவருவதாக அவர் சொல்லவில்லை. இருக்கிற இவற்றையே புதிதாக்குகிறார், கண்ணீரைத் தன் கையாலேயே துடைக்கிறார். நாலு வயதில் போன அந்தப் பிள்ளையும் இந்த 'எல்லாவற்றிலும்' உண்டு என்று நம்புகிறேன்.

12. கடைசி அதிகாரத்தை இப்போதே வாசியுங்கள்.

வீட்டைக் காக்கிறவர்கள் தள்ளாடுவார்கள், அரைக்கிறவர்கள் கொஞ்சமாகிப்போவார்கள், ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள் இருண்டுபோவார்கள், வாதுமை மரம் பூக்கும். பலரும் இதை முதுமையின் படமாக வாசிக்கிறார்கள்: கை, பல், கண், நரை. யூதேயாவில் குளிர் முடிவதற்குள்ளாகவே, இலை விடும் முன்பே, வாதுமை வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் நரைக்கு அது. இருபது வயதில் இந்தப் பகுதியை அணிநயத்துக்காக ரசித்தேன். இப்போது காப்பித் தம்ளரைப் பிடிக்கும்போது என் கை ஆடுகிறது. மேல்வரிசையில் நான்கு பல் மிச்சம். சிறிய எழுத்து வேதப் புத்தகத்தை வாசிக்க முடியாமல் பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். அவர் எழுதிய ஒவ்வொன்றும் சொன்ன வரிசையில் வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் பயமில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்த ஒருவர் கூட நடந்துவருகிறார்.

உங்கள் கண்ணுக்கு இன்னும் வெளிச்சம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, பன்னிரண்டு அதிகாரத்தையும் சத்தமாக வாசித்துவிடுங்கள். அந்த ஏழு இடங்களையும் பென்சிலால் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் புத்தகத்தோடு வகுப்புக்கு வாருங்கள். உங்களுக்கு எங்கே வலித்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.